மாலா வாங்கிய திட்டுகள்

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நான் சொல்லாதது: "டாக்டர், இதில் எங்கள் தப்பு எதுவும் இல்லை."

சொன்னது: "சாரிங்க டாக்டர். எங்க தப்புத்தானுங்க. மறுபடி செஞ்சு அனுப்பிச்சர்றோமுங்க."

இதை மூக்கைக் கொஞ்சம் அடைத்தாற்போல, என் குரலுக்கு அரைப்படி மேலே வைத்துச் சொல்ல வேண்டும். அது மாலாவின் குரல்.

புது டைரி என்பதால் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். ஈரோட்டில் நான் வேலை செய்யும் லேபில் பல் டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறோம். அவர்கள் ஒரு ட்ரேயில் மாவு நிரப்பி நோயாளியின் வாயில் வைத்து, அது இறுகியதும் கழற்றி, அந்த அளவை அனுப்புவார்கள்; நாங்கள் அதை வைத்துப் ஒற்றைப் பல்லோ, பல பல் சேர்ந்த பிரிட்ஜோ செய்து திருப்பி அனுப்புவோம். அது வாயில் சரியாக உட்காராத நாட்களில் டாக்டர் என்ன செய்வார்? நோயாளி வாயைத் திறந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, லேபைத் திட்டுவார். நாங்கள் வாங்கிக்கொள்வோம். நோயாளிக்கு நிம்மதி. டாக்டருக்கு மரியாதை மிஞ்சும். இது வெறும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு எங்கள் சூளையில் வெந்த ஒரு பல் வாயில் வைத்ததும் உடைந்தபோது, "நான்தான் அழுத்தி வெச்சுட்டேன்" என்று ஒரு டாக்டர் தன் தலையில் போட்டுக்கொண்டார். கொடுக்கல் வாங்கல்தான்.

ஆனால் திட்டு வாங்குகிறவருக்கு ஒரு பெயர் வேண்டும். உண்மையான ஆளின் பெயர் ஊரிலுள்ள கிளினிக்கெல்லாம் கெடக் கூடாது என்று எங்கள் முதலாளி சென்னியப்பன் அண்ணன் மாலா என்று ஒருத்தியை உண்டாக்கினார். அப்படி ஒருத்தி கிடையாது. அவளுக்குக் குரல் கொடுப்பது நான், மிருதுளா. மிருதுளா பல்லுக்கு நிறம் ஏற்றுவாள். மாலா திட்டு வாங்குவாள். சம்பளம் ஒன்றுதான்.

இன்று திட்டியவர் டாக்டர் அருள்மாறன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கோபியில் கிளினிக் திறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சாதுவான மனிதர், திட்டவே வராது. "கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கெல்லாம்?" என்பது புதிது. பத்துக்கு ஆறு போடலாம். பிறகு செய்தி அனுப்பினார்: "கொஞ்சம் ஓவரா போச்சாம்மா?"

"இல்லைங்க. ஆனா 'பொறுப்பு'ன்னு இரண்டாவது தடவை சொல்றப்ப உங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு" என்று பதில் போட்டேன்.

நோயாளி அம்சவேணி என்ற அம்மா. மேல் வரிசையில் முன்னால் நாலு பல்லுக்குப் பிரிட்ஜ். செப்டம்பர் பதினாலு அவர் மகளுக்கு வளைகாப்பு. "அன்னைக்கு வாய முந்தானையில பொத்திக்கிட்டு நிக்கோணுமா நானு?" என்று ஸ்பீக்கரில் கேட்டது. நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதியம் கோபி பஸ்ஸில் டப்பா வந்தது. அம்சவேணி அம்மாவின் வாய், இரண்டாம் முறை எடுத்த அளவு. கண்டக்டர் வழக்கம்போல, "இந்தாங்க, பல்லு" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கொடுத்தார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல்லின் விளிம்பு இருக்க வேண்டிய இடம், ஓடும் ரயிலிலிருந்து எடுத்த போட்டோ மாதிரி கலங்கியிருந்தது. சென்னியப்பன் அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

"இந்தம்மா ட்ரேய வாயில வெச்சுக்கிட்டே பேசிருக்குது, அம்மணி."

டாக்டரைக் கூப்பிட்டேன், என் சொந்தக் குரலில். அவர் கிசுகிசுத்தார். "என்னம்மா பண்றது? வாய் நிறைய மாவு இருக்கு. அதோட பக்கத்து வீட்டு எருமை கன்னு போட்ட கதைய சொல்றாங்க. எனக்குப் பாதி புரிஞ்சும் போச்சு, அதுதான் கொடுமை."

"ஆடாம அசையாம இருங்கன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே, டாக்டர்."

"யாரு, நானா? என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு அந்தம்மா கை காட்டி அனுப்பினவங்க. 'பேசாதீங்க'ன்னு சொல்லி அவங்களுக்குக் கோவம் வந்துட்டா நான் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான்."

ஆக, ஓர் அம்மாவின் வாயை நம்பி ஒரு டாக்டரின் கிளினிக் நிற்கிறது. கிடைத்த அளவை வைத்து, விளிம்பை ஊகித்துச் செய்து பார்ப்போம் என்று முடிவு. ஊகத்தில் செய்த பல் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

உட்காரவில்லை.

போன் வந்தபோது மூக்கை அடைத்துக்கொண்டு தயாராகவே இருந்தேன். டாக்டர் நன்றாகத் தேறிவிட்டார். "இது பல்லா, ஆப்பா?" என்று கேட்டார். பத்துக்கு எட்டு. பாதியில் போன் கைமாறியது.

"ஏம் மாலா, நாந்தான் பல்லுக்காரி பேசறேன்."

"சாரிங்கம்மா. எங்க தப்புத்தானுங்க."

"உன்ற குரலுக்கு என்ன, சளியா?"

"ஆமாங்கம்மா. நெம்ப நாளா சளிங்க."

"தண்ணியில ஆவி புடி. ஆனா நல்லாப் பேசறே கண்ணு. ஒருக்காக்கூடத் திக்கல பாரு."

மாலாவை யாரும் இதுவரை பாராட்டியதில்லை. சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

எழுத நிறைய இருக்கிறது.

நிறமும் சரியில்லை என்று அம்சவேணி அம்மா சொல்லிவிட்டாராம். நிறம் பார்ப்பதற்கு நோயாளியையே சில சமயம் லேபுக்கு அனுப்புவது உண்டு. போட்டோவில் எல்லாப் பல்லும் ஒன்றுபோல இருக்கும். பகல் வெளிச்சத்தில்தான் சாயம் வெளுக்கும். டாக்டர் அனுப்பிவிட்டு எனக்குச் செய்தி போட்டார்: "வந்துகொண்டிருக்கிறார்கள். மாலாவை ஒளித்து வையுங்கள்."

அறுபதைத் தாண்டிய உயரமான அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "யாருங்க இங்க மாலா?" என்றார்.

சென்னியப்பன் அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் அவசரத்தில் சொல்லத் தெரியாது. "அந்தப் புள்ளைய வேலைய விட்டு நிறுத்திட்டனுங்க" என்று ஒரு போடு போட்டார்.

"அடக் கடவுளே! என்ற பல்லுனாலயா?"

நான் எழுந்து, என் குரலை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, "வாங்கம்மா, ஜன்னல் பக்கம் உக்காருங்க" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார். கண்ணில் என்னவோ மின்னியது. மாலாவை நினைத்துக் கண் கலங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இளகிய மனசு.

நிறம் ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிப் பல் வரிசையை அவர் உதட்டருகே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவருடைய பல் வெள்ளை இல்லை. ஓரத்தில் தேன் கலந்த மாதிரி, நடுவில் லேசான சாம்பல். இதைச் செய்துவிட்டால் அது என் பெயர் சொல்லும். வேலை நடக்கும்போதும் அவர் பேச்சு நிற்கவில்லை. ஆனால் அதில் ஒன்று நன்றாக இருந்தது. அந்தக் காலத்தில் வெளியூர் அழைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறதா என்று ஆப்பரேட்டர் நடுவில் புகுந்து கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"அப்ப மூச்சு விட்டாக்கூட அந்தப் பக்கம் கேட்டுரும் கண்ணு. கல்லாட்ட உக்காந்திருப்பேன். காதுல போன வெச்சு ஒருத்தரு பேசறாங்கன்னா, அவங்க முடிக்கற வரைக்கும் என்ற வாய் தானா மூடிக்கும். இப்பவும் அப்படித்தான். மருமகப்புள்ள போன்ல பேசுனா நான் உம்முன்னுகூடச் சொல்றதில்லன்னு கோவிச்சுக்கறாரு."

அவர் மகனும் வந்திருந்தார். கிருபாகரன். பவானிசாகர் அணையில் உதவிப் பொறியாளர். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நீலக் கோடு போட்ட சட்டை. வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் போகும்போது ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கோபி பஸ்ஸில் டாக்டரின் டப்பாக்களோடு ஒரு தூக்குப் பாத்திரமும் வந்தது. மேலே பேனாவில் "மாலாவுக்கு". திறந்தால் ஒப்புட்டு, பருப்புப் போளி. நெய் மணம் லேப் முழுவதும்.

வேலை போன பெண்ணின் வீட்டில் கொடுத்துவிடும்படி அம்சவேணி அம்மா சொன்னாராம். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கொடுத்துவிட்டோம்.

"மாலா நெம்பக் குடுத்து வெச்சவ" என்றார் சென்னியப்பன் அண்ணன், இரண்டாவதை மடித்து வாயில் போட்டபடி. "நான் பெத்த புள்ளைக்குக்கூட இப்பிடி ஒருத்தரும் அனுப்பல."

செப்டம்பர் 4, வியாழன்

அம்சவேணி அம்மா லேபுக்கே போன் செய்தார்; நான்தான் குரலை இறக்கிக்கொண்டு எடுத்தேன். மாலாவின் வீடு எங்கே என்று கேட்டார். துணிக்கடையில் வேலை சொல்லி வைத்திருக்கிறாராம்.

"அவ சத்தியமங்கலம் போயிட்டாங்கம்மா."

"அடப் பாவமே. அங்க யாரு?"

"அவங்க அப்பாங்க. கால் முடியாதவருங்க."

"எந்தக் காலு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இடது" என்றேன். பிறகு இரண்டு தங்கைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி பத்தாவது. கணக்கில் கொஞ்சம் மந்தம்.

நாவல் படிக்கும்போது ஆசிரியர்கள் ஏன் தேவையில்லாத சித்தப்பாக்களைக் கொண்டுவருகிறார்கள் என்று எரிச்சல் பட்டிருக்கிறேன். இனிமேல் படமாட்டேன். ஒரு பாத்திரத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டால், அவள் எங்கே போய்ச் சாப்பிடுகிறாள் என்பது எழுதியவள் தலையில்தான் வந்து விழுகிறது.

கடைசியில் அவர் கேட்டது: "உனக்கு ஏங் கண்ணு குரல் கம்மியிருக்குது? மாலாகிட்ட இருந்து சளி ஒட்டிக்கிச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

டாக்டர் அருள்மாறன் அழைத்தார். குரலில் தெம்பே இல்லை. திங்கட்கிழமை மூன்றாம் முறை அளவு எடுக்க வேண்டும். இதுவும் கலங்கினால் வளைகாப்புக்குப் பல் கிடையாது.

"வளைகாப்புல அந்தம்மா வாயை மூடிக்கிட்டு நின்னா, வர்ற ஒவ்வொருத்தரும் ஏன்னு கேப்பாங்க. அவங்க சொல்லுவாங்க. மாலா பேரையா சொல்லுவாங்க? என் பேரைத்தான் சொல்லுவாங்க."

அவர் கிளினிக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் அனுப்பும் டப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சு, அடையாளச் சீட்டு, அதன் கீழே "நன்றி". மற்ற டாக்டர்கள் யாரும் நன்றி எழுதுவதில்லை.

அப்போதுதான் அது தோன்றியது.

"டாக்டர், ட்ரே வாயில இருக்கறப்ப நர்ஸை விட்டு அவங்க காதுல போனைப் பிடிக்கச் சொல்லுங்க. மாலா பேசுவா. வேலை போன பொண்ணு, மன்னிப்புக் கேக்கணும்னு கூப்பிடறா."

"கேட்டு?"

"காதுல யாராச்சும் பேசிட்டே இருந்தா அவங்க வாய் அசையாதுங்க. அவங்களே சொன்னது."

அவர் மெல்ல "ஓ" என்றார். பிறகு, "மாவு இறுகற வரைக்கும் பேசணுமேம்மா. அவ்வளவு நேரம் மாலாகிட்ட என்ன இருக்கு பேச?" என்றார்.

இடது கால் இருக்கிறது. தங்கைகள் இருக்கிறார்கள். போதும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கல்மாவு கலக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நர்ஸ், "காதுல வெச்சாச்சுங்க" என்றாள். மூக்கை அடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் மாலா பேசறேனுங்க. எங்கப்பாவுக்குக் கால்..."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. உம் இல்லை, அச்சச்சோ இல்லை. சாதாரணமாக நாம் பேசும்போது எதிரே இருப்பவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பது தெரியும். இங்கே அது இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல, அவ்வளவு அமைதியாக ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் குறுக்கிடாமல் நான் ஒரு வாக்கியத்தை முடித்துப் பல வருஷம் இருக்கும்.

தங்கைகள் வரை வந்தேன். கணக்கில் மந்தமானவளைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அம்மா, மாலான்னு யாரும் இல்லைங்க. நான் மிருதுளா. ஜன்னல் பக்கம் உக்கார வெச்சு நிறம் பாத்தனே, அவதான். போன்ல திட்டு வாங்கறதும் நான்தான். டாக்டர் எங்களைத் திட்டறது நாடகங்க. அவரு நல்லவரு. உங்களைப் பாத்து அவருக்குப் பயம். வேலை அவரும் சரியாத்தான் செஞ்சாரு, நாங்களும் சரியாத்தான் செஞ்சோம். ட்ரே வாயில இருக்கறப்ப நீங்க பேசிட்டே இருந்தீங்கம்மா. அதனாலதான் ரெண்டு தடவையும் பல்லு உட்காரல. இதை உங்ககிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் இல்லைங்க. இப்ப கோவம் வந்தா என்னைத் திட்டுங்க. டாக்டரை விட்டுருங்க."

அதே கிணறு. இறங்கியது இறங்கிவிட்டோம் என்று வேறு ஒன்றிரண்டு விஷயங்களும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிறகு டாக்டரின் குரல்: "எடுத்துடலாம்மா." ஏதோ கழன்று வரும் சத்தம். வாய் கொப்பளிக்கும் சத்தம். பிறகு அம்சவேணி அம்மா.

"மாலா இல்லேன்னு எனக்கு மொதல்லயே தெரியுங் கண்ணு."

"எப்படிங்கம்மா?" என்றேன்.

"தப்புப் பண்ணுனவ மன்னிப்புக் கேட்டா மொதல்ல திக்குவா. நீ கோயில்ல அர்ச்சனை சொல்றாப்புல கடகடன்னு சொன்னே. அப்பவே நெனச்சேன், இது தெனமும் சொல்ற மன்னிப்புன்னு. அப்பறம் லேப்புல நீ 'வாங்கம்மா'ன்னே பாரு, முடிஞ்சுது. காலமெல்லாம் குரலக் கேட்டே சோறு தின்னவ நானு. மூக்கப் புடிச்சா ஆளு மாறிருமா?"

"அப்ப ஒப்புட்டு அனுப்பிச்சீங்களே?"

"தின்னியா இல்லியா?"

"தின்னேனுங்க."

"அப்பறமென்ன. மாலாவுக்குன்னு எழுதுனாத்தான உங்கைக்கு வரும்."

"அந்தக் காலு..."

"நீ எதுவரைக்கும் போறேன்னு பாத்தேன். இடதுன்னியே, நெம்ப ரசிச்சேன்."

பிறகு குரலைத் தணித்தார்.

"நான் பேசுனதுதான் தப்புன்னு மட்டும் தெரியாது கண்ணு. ஒருத்தருமே சொல்லல. நாங்கூட மனசுக்குள்ள டாக்டரத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்." குரல் போனை விட்டுத் திரும்பியது. "ஏனுங்க டாக்டர், வாய மூடுங்கம்மான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஆகாதுங்களா?"

"பயமா இருந்துச்சும்மா."

"பல்லப் புடுங்கறவருக்கு என்னைப் பாத்துப் பயமா!"

சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் அது. கொஞ்சம் தள்ளி டாக்டரும் சிரித்தார். திட்டுவதை விட அவருக்குச் சிரிப்பது நன்றாக வருகிறது.

"கண்ணு, கடைசியா ஒண்ணு சொன்னியே, அதையுங் கேட்டேன். அதை என்ற பையங்கிட்ட நாஞ் சொல்லட்டுமா, நீயே சொல்லிக்கறியா?"

போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அளவு வந்தது. பென்சிலால் கோடு போட்டது போல விளிம்பு. சென்னியப்பன் அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாலாவுக்குச் சம்பளம் ஏத்தோணும்" என்றார். ஏற்றவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தேன் நிறத்தை ஓரத்தில் ஏற்றி, சாம்பலை நடுவில் ஒரு மூச்சளவு வைத்து, காலை பஸ்ஸில் அனுப்பினேன். மத்தியானம் டாக்டர் அழைத்தார். ஸ்பீக்கரில்.

"மிருதுளாம்மா, உட்கார்ந்துடுச்சு. தேய்க்கவே வேண்டியதில்லை."

பின்னால் வேறொரு குரல்: "மாலாவுக்கும் சொல்லிருங்க!"

செப்டம்பர் 14, ஞாயிறு

இரவு ஒரு போட்டோ வந்தது, புது எண்ணிலிருந்து. மகளின் கை நிறைய வளையல். பக்கத்தில் அம்சவேணி அம்மா, எல்லாப் பல்லும் தெரிய. நான் செய்த நாலையும் மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தது பல்லுக்காகத்தான்.

கீழே ஒரு வரி: "அம்மா எதுவும் சொல்லவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்றார்கள். கிருபாகரன்."

பிப்ரவரி 20, வெள்ளி

டைரியைப் பல மாதங்களாகத் தொடவில்லை.

டாக்டர் அருள்மாறன் இப்போது லேபைத் திட்டுவதில்லை. அளவு எடுக்கும் முன், "அசையாதீங்க, பேசாதீங்க, மீறினா மறுபடி எடுக்கணும்" என்று எல்லோரிடமும் சொல்கிறார். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. காத்திருப்பவர்களுக்கு எருமை கன்று போட்ட கதையையும் இரண்டு முறை வீணாய்ப் போன பிரிட்ஜையும் அம்சவேணி அம்மாவே சொல்லிச் சிரிக்கிறாராம். மற்ற டாக்டர்களுக்காக மாலா இன்னும் எங்கள் லேபில் வேலை செய்கிறாள். குரல் கொடுப்பது சென்னியப்பன் அண்ணன். சுமாராகத்தான் இருக்கிறது.

தை மாதம் கோபியில் எனக்கும் கிருபாகரனுக்கும் கல்யாணம் நடந்தது. அத்தையின் போனில் என் எண் இன்னும் மாலா என்றுதான் இருக்கிறது.